கல்யாணக் கோட்டு பூத்துப்போச்சு, சோப்புத்தண்ணியில முக்கலாமா?

மார்த்தாண்டத்துக்காரன்:

வணக்கம் மக்கா, ஒரு அவசரம், தெரிஞ்சவங்க சொல்லித் தாருங்க. போன மே மாசம் எனக்குக் கல்யாணம். நாகர்கோவில்ல அளவு குடுத்து, மூணு தடவ ட்ரையல் பாத்து, நேவி புளூவுல கோட்டும் பேன்ட்டும் தச்சேன். துணி, தையல்கூலி எல்லாஞ்சேத்து 16 ஆயிரத்துக்கு மேல வந்துச்சு, எங்க வீட்டுல ஒரு உடுப்புக்கு இவ்வளவு ரூவா செலவழிச்சது இதுதான் மொத தடவ. கோயில்ல கெட்டு அன்னைக்குப் போட்டேன், சாயங்காலம் ரிசப்ஷனுக்கும் அதுதான், பெறவு மறுவீட்டுக்கு ஒரு தடவ. முடிஞ்சதும் டிரைவாஷ் குடுத்து, அவங்க பிளாஸ்டிக் கவர் போட்டுத் தந்தத அப்படியே கொண்டுவந்து பீரோவுல தொங்கவிட்டேன். ஜூன் ஜூலை முழுக்க மழை, யாரும் அதத் தொடல்ல.

நேத்து எடுத்துப் பாத்தா நெஞ்சே பதறிட்டு. காலருக்கு அடியில, கக்கத்துல, லாபல் (நெஞ்சுல காலரோட சேந்து மடிஞ்சு கெடக்க பட்டை) ஓரத்துல எல்லாம் வெள்ளையா பூஞ்சை பூத்துக் கெடக்கு, கவரத் தொறந்ததும் நனஞ்ச சாக்கு மாதிரி ஒரு வாடை. அதுபோக வலது நெஞ்சுல பொத்தானுக்கு மேல சின்னச் சின்னதா கொப்புளம் மாதிரி துணி எழும்பி நிக்குது, கைய வச்சு அமுக்குனா படியுது, கைய எடுத்தா திரும்ப எழும்புது. பேன்ட்டுல மடிப்பு ஓரமா ஒரே மினுமினுப்பு, அது நான் வீட்டுல இஸ்திரி போட்டதுல வந்ததுன்னு நெனைக்கேன். செப்டம்பர் கடைசியில சித்தி மகனுக்குக் கல்யாணம், நான்தான் மாப்பிள்ளத் தோழன். அம்மா சோப்புத்தண்ணியில முக்கி அலசி மொட்டைமாடியில காயப்போடச் சொல்லுதாவ. செய்யலாமா? தச்ச உடுப்பு பாழாப் போயிருமோன்னு பயமா இருக்கு.


கொளச்சல் கடலோரம்:

முக்காதீங்க, அதமட்டும் செஞ்சிராதீங்க. அம்மாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. கோட்டுங்கது சட்டை மாதிரி ஒரே துணி கெடையாது, வெளித்துணி ஒண்ணு, உள்ள வெறப்புத்துணி ஒண்ணு, லைனிங் ஒண்ணு, தோள்ல பஞ்சுப்பட்டை, இது ஒவ்வொண்ணும் தண்ணிபட்டா ஒவ்வொரு அளவுல சுருங்கும், காஞ்சு வரும்போ தோளு ஒரு பக்கம் நெஞ்சு ஒரு பக்கம் கோணிக்கிட்டு நிக்கும். பெறவு எந்த டெய்லராலயும் அத நேராக்க முடியாது.

இப்பம் ஒடனே செய்யவேண்டியது, கோட்ட வீட்டுக்கு வெளிய கொண்டுபோங்க, வாயையும் மூக்கையும் ஒரு துணி வச்சுக் கெட்டிக்கிட்டு மெதுவான பிரஷ்ஷால பூத்தத தட்டி எடுங்க. ஈரமாத் தொடச்சா துணிக்குள்ள போயிரும், காஞ்சபடி தட்டுனாத்தான் உதிரும். வீட்டுக்குள்ள வச்சு தட்டுனா அந்தத் தூள் போய் மத்த உடுப்புல எல்லாம் ஒக்காந்துக்கிடும், அந்த பீரோவையும் காலி பண்ணி காஞ்ச துணியால தொடச்சு ரெண்டு நாள் தொறந்து போடுங்க. எங்களுக்குக் கடல் பக்கம்கதுனால இது வருசா வருசம் உள்ள பாடு. உப்புக்காத்து பட்ட துணி ஈரத்த விடாமப் பிடிச்சு வச்சுக்கிடும், மழை இல்லாத நாள்லயும் தொட்டுப் பாத்தா நமநமன்னு இருக்கும்.


வடசேரி டெய்லர்:

தம்பி, 30 வருசத்துக்கு மேல ஊசியும் நூலுமா இருக்கேன், அதுல பாதிக்கு மேல கோட்டு தைக்கிற வேலைதான். ஒங்க கோட்டுல ரெண்டு கேடு இருக்கு, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடாதீங்க. பூத்தது வேற, கொப்புளம் வேற.

கொப்புளத்தச் சொல்லுதேன். கோட்டு முன்பக்கம் நிமிந்து நிக்கணும்னா உள்ள ஒரு வெறப்புத்துணி வேணும். பழைய மொறையில குதிரமுடி கலந்து நெய்த கேன்வாஸ் துணிய வெட்டி கைத்தையல்ல பிடிச்சு வைப்போம், அது வெளித்துணியில ஒட்டிக்கிடாது, நூல்ல தொங்கிக்கிட்டு நிக்கும், அதனால போடப்போட ஆளோட நெஞ்சுக்குத் தக்கன வளஞ்சு குடுக்கும். இப்பம் முக்காவாசி எடத்துல செய்யது ஃபியூசிங். ஒரு பக்கம் பசைப்பொட்டு வச்ச துணி, சூடா அமுக்குனா வெளித்துணியில ஒட்டிரும், வேலையும் சீக்கிரம் முடியும் வெலையும் கொறையும். நான் அதக் கெட்டதுன்னு சொல்லமாட்டேன், சரியான சூட்டுல சரியா அமுக்கி ஒட்டுனா வருசக்கணக்கா நிக்கும். அந்த அமுக்கு பத்தாமப் போயிருந்தாலோ, டிரைவாஷ்ல கூடுதல் சூட்டுல காயவச்சிருந்தாலோ, மாசக்கணக்கா ஈரத்துல கெடந்தாலோ அங்கங்க பசை விட்டுரும், விட்ட எடத்துல வெளித்துணி தனியா எழும்பும். ஒங்களுக்கு ஆனது அதாக்கும். 

ஒறுதி பண்ண ஒரு வழி இருக்கு. கீழ்ப்பொத்தான் காஜாவுக்குப் பக்கத்துல வெளித்துணிய ஒரு கையிலயும் உள்துணிய மறு கையிலயும் நுள்ளிப் பிடிச்சு மெதுவா ரெண்டு பக்கமா இழுங்க. நடுவுல மூணாவதா ஒரு துணி விரலுக்குள்ள நழுவுனா அது கேன்வாஸ். அப்படி ஒண்ணும் தட்டாம வெளித்துணி மட்டும் தடியா வெறப்பா இருந்தா ஃபியூசிங். ஃபியூசிங்னா தச்ச கடைக்கே கொண்டுபோங்க, மூணு நாலு மாசந்தானே ஆச்சு, கூச்சப்படாம கேளுங்க. மேல ஒரு காட்டன் துணி போட்டு ஆவியோட அமுக்குனா இப்போதைக்குப் படியும், ஆனா அது நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. நெரந்தரமா வேணும்னா லைனிங்கப் பிரிச்சு அந்த முன்பக்கத்து ஃபியூசிங்க மாத்தணும், பெரிய வேலை, நல்ல கை வேணும். அவசரத்துக்கு நீங்களே தேய்ப்புப்பெட்டிய வச்சு அழுத்திராதீங்க, பசை வெளித்துணிக்கு மேல கசிஞ்சு கறுப்பா பொட்டு விழுந்திரும், பெறவு யார் கையில குடுத்தாலும் போகாது.

அடுத்தது பூத்தது. மொதல்ல என்ன துணின்னு தெரியணும். கல்யாணக் கோட்டுன்னு சொன்னா எல்லாரும் கம்பளின்னு நெனைக்காங்க, நம்ம பக்கம் வாங்குறது பெரும்பாலும் பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவுல், இல்லன்னா பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த டி.ஆர். துணி. பேன்ட்டு காலுக்கு உள்ள மடிச்சு விட்டிருக்கும்லா, அதுலருந்து ஒரே ஒரு இழை நூல உருவி, சமையல்கட்டுல வேண்டாம், முத்தத்துல வச்சு கவனமா கொளுத்திப் பாருங்க. தலமுடி கருகுன வாடை வந்து, ஆறுனதும் விரல்ல நசுக்குனா பொடியாப் போனா கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியா கறுப்பு மணி மாதிரி நின்னா பாலியஸ்டர். காயிதம் எரியிற வாடையோட சாம்பலாப் போனா விஸ்கோஸ். முடி வாடையும் கெட்டி மணியும் ரெண்டும் சேந்து வந்தா டெரிவுல்.

கம்பளிங்கது நம்ம முடி, நகம் மாதிரிதான், கெரட்டின்னு சொல்ற புரதம். அது தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த இழுத்து வச்சாலும் கைக்கு நனஞ்ச மாதிரியே தெரியாது. குளிர் நாட்டுக்காரனுக்கு அது ஒரு கொணம், நம்ம ஊருல அதுவே வெனை. இங்க ஜூன்ல தென்மேற்கு மழை தொடங்குது, அது ஓயறதுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு வந்துருது, காத்துல ஈரம் எழுவது சதவீதத்துக்கு மேல தங்குனாலே பூஞ்சை வளரத் தொடங்கிரும். வியர்வை, தலையெண்ணெய், கறிச்சொட்டு, இதெல்லாம் அதுக்குத் தீனி, அதனாலதான் ஒங்களுக்குக் காலர்லயும் கக்கத்துலயும் பூத்திருக்கு. தட்டி எடுத்த பெறவு பூத்த எடத்தக் காட்டிச் சொல்லி டிரைவாஷ் குடுங்க. சொல்லாமக் குடுத்தா அவங்க மொத்தமா மெஷின்ல போட்டு எடுத்திருவாங்க. டிரைவாஷ்ல போடுறது தண்ணி இல்ல, எண்ணெயக் கரைக்கிற திரவம், கறிக்கறை கரையும், வியர்வை உப்பு அதுல சரியாக் கரையாது. அதத் தனியா எடுக்கணும்னு வாய்தொறந்து கேக்கணும். 


குலசேகரம் ரப்பர் தோட்டம்:

நல்லா வெளக்கமாச் சொன்னீங்க அண்ணே. எங்க பக்கத்துப் பாடு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிருதேன், மலையோரத்துல உள்ளவங்களுக்கு உபயோகப்படும். எங்க வீட்டுல ரப்பர் ஷீட் அடுக்கி வச்சிருக்க முறிக்கும் என் பீரோ இருக்க முறிக்கும் நடுவுல ஒரு செவருதான். ஒட்டுப்பால் (ஒறஞ்சுபோன ரப்பர் பால்) வாடை எப்படி இருக்கும்னு இங்க உள்ளவங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. கோட்ட நல்ல கவர்ல போட்டுத்தான் வச்சிருந்தேன், ஆனா ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு கார்ல ஏறுனதும் பக்கத்துல இருந்த மச்சான் ஜன்னலத் தொறந்துட்டாரு. அன்னைக்கு முழுக்க நான் யார்கிட்டயும் பக்கத்துல போய் நிக்கல்ல. கம்பளி ஈரத்த இழுக்கது மாதிரியே வாடையையும் இழுத்து வச்சுக்கிடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு தடவ டிரைவாஷ் குடுத்தும் முழுசாப் போகல்ல. பெறவு ஆரல்வாய்மொழியில அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்க கரண்டு எடுக்க காத்தாடி (காற்றாலை) சுத்துற அந்தக் காத்து தெரியும்லா, நெழல்ல வராண்டாவுல நாலு நாள் தொங்கவிட்டோம். எந்த மருந்தும் இல்லாம வாடை போயிட்டு. நேர் வெயில்ல போடல்ல, கறுப்புத் துணி வெளிறிரும்னு அக்கா சொன்னா. மார்த்தாண்டத்துக்காரன் தம்பிக்கு ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, ஒரே ஜில்லாவுக்குள்ளதான், ஆனா இங்க சாரல் அடிச்சுக்கிட்டு கெடக்கும்போ அங்க துணி அரைமணிக்கூர்ல காஞ்சு விறைக்கும்.


தக்கலை அக்கா:

நான் தையல்காரி இல்ல, எங்கப்பாவோட கல்யாணக் கோட்ட 1984லருந்து வீட்டுல காப்பாத்திக்கிட்டு வாறோம், அம்மா செஞ்சது, இப்பம் நான் செய்யேன். என் தம்பியும் அதையே அளவு குறைச்சுப் போட்டுத்தான் கெட்டுனான். அதனால வைக்கிற மொறை பத்திக் கொஞ்சம் சொல்லலாம்னு.

பிளாஸ்டிக் கவர் வீட்டுக்குக் கொண்டுவாற வரைக்கும்தான், வீட்டு நடை ஏறுனதும் கழட்டிரணும். துணியில மிச்சம் இருக்க ஈரம் வெளிய போக வழி இல்லாம அதுக்குள்ளயே நிக்கும், தம்பிக்குப் பூத்ததுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். நாங்க அப்பாவோட பழைய வேட்டி ஒண்ண ரெண்டா மடிச்சு பை மாதிரி தச்சு, ஹேங்கர் கொக்கி வெளிய வர மேல ஒரு ஓட்டை விட்டிருக்கோம், அதுக்குள்ளதான் கோட்டு. தூசியும் ஏறாது காத்தும் போகும். ஹேங்கர் கம்பியில வேண்டாம், தோள் பக்கம் நாலு விரக்கடை அகலம் உள்ள மர ஹேங்கர் வாங்குங்க, கம்பி ஹேங்கர்ல ஆறு மாசம் தொங்குனா தோள்ல முட்டி முட்டியா எழும்பிரும். ரெண்டு மழைக்கும் நடுவுல வெயில் தெளியிற நாள்ல வெளிய எடுத்து, உள்பக்கத்த வெளிய திருப்பி நெழல்ல போடுவோம். மழைக்காலத்துல பத்துநாளுக்கு ஒருக்கா ஃபேனுக்கு அடியில ராத்திரி முழுக்க. பீரோவுல நெருக்கி வைக்கப்பிடாது, ரெண்டு பக்கமும் கை போற எடம் இருக்கணும்.

ஒரு தப்பு நடந்துச்சு, அதையும் சொல்லுதேன், யாரும் செஞ்சிராதீங்க. கம்பளிய அந்துப்பூச்சி தின்னும், பறக்கிற பூச்சி தின்னாது, அது போடுற முட்டையிலருந்து வாற புழுதான் தின்னும். அதுக்காக நான் பாச்சா உருண்டையும் கட்டிக் கற்பூரமும் ஒரே கிழியில கெட்டி கோட்டு பாக்கெட்டுல போட்டேன், ரெண்டும் இருந்தா கூடுதல் நல்லதுன்னு நெனச்சு. ஒரு மாசம் கழிச்சு எடுத்தா கிழி ஈரமா கெடக்கு, உள்பாக்கெட் லைனிங்ல உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெ மாதிரி படந்திருக்கு. ரெண்டையும் சேத்து வச்சா நம்ம ஊரு சூட்டுக்கே உருகித் தண்ணியாயிருமாம், பள்ளிக்கூடத்துல ரசாயனம் எடுக்க டீச்சர் ஒருத்தர் பெறவு சொன்னாரு. அந்தக் கறை இப்பவும் இருக்கு, அம்மா அதப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல்ல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். எதாவது ஒண்ணு வைங்க, அதுவும் துணியில நேரா படாம மேல தொங்கவிடுங்க. சின்னப் பிள்ளைங்க இருக்க வீடுன்னா பாச்சா உருண்டையே வேண்டாம், மிட்டாய்னு வாயில போட்டுக்கிடும், ரொம்ப ஆபத்து. வேப்பிலை, கிராம்பு எல்லாம் பூச்சிய வரவிடாம பண்ணும்னு சொல்லுவாங்க, உள்ள ஏற்கனவே இருக்க புழுவ அது கொல்லாது. அழுக்கு இல்லாம வைக்கதுதான் பெரிய காவல், அது வியர்வையும் கறையும் பட்ட எடத்தத்தான் மொதல்ல தேடிப்போகும்.


இரணியல் மாப்பிள்ளை:

எனக்கு ஒரு கேள்வி. அப்பம் ஒவ்வொரு தடவ போட்ட பெறவும் டிரைவாஷ் குடுத்தாத்தானே நல்லது? வியர்வை, கறை எதுவும் நிக்காதுலா. எங்க கடையில அப்படித்தான் சொன்னாங்க.


வடசேரி டெய்லர்:

இல்ல தம்பி, இதுல நான் ஒத்துக்கிடமாட்டேன். அடிக்கடி அந்தத் திரவத்துல போட்டு எடுத்தா துணி கொஞ்சம் கொஞ்சமா தேயும், அப்பறம் அவங்க போடுற அந்த மெஷின் அமுக்கு லாபலத் தட்டையா கொன்னுரும். லாபல் தட்டையா மடிஞ்சு நிக்கப்பிடாது, உருண்டு வரணும், அத வரவழைக்க நாங்க எவ்வளவு நேரம் கையில வச்சுத் தைக்கோம்னு பாத்தா தெரியும். நாலு தடவ போட்டா ஒரு தடவ குடுங்க, இல்லன்னா மழைக்காலத்துக்கு உள்ள வைக்கதுக்கு முன்ன ஒரு தடவ. கறை பட்டா மட்டும் அன்னைக்கே. குடுக்கும்போ கோட்டும் பேன்ட்டும் சேத்தே குடுங்க, ஒண்ண மட்டும் குடுத்தா நாலஞ்சு தடவையில ரெண்டும் ரெண்டு நெறமா நிக்கும்.

போட்ட அன்னைக்கு ராத்திரி செய்யதுதான் முக்கியம். பாக்கெட்டுல இருக்க போனு, பர்ஸு, சாவி எல்லாம் எடுத்துட்டு, பொத்தான் போடாம அகல ஹேங்கர்ல மாட்டி ஃபேன் காத்துல ஒரு நாள் முழுக்க விடுங்க. ஒடம்புச் சூடும் வியர்வையும் ஆறி கம்பளி தானாவே சுருக்கத்த விட்டுக் குடுக்கும், பாதி இஸ்திரி அதுலயே முடிஞ்சிரும். பெறவு பன்னிமுடி பிரஷ் கெடச்சா அதால, இல்லன்னா மெதுவான துணி பிரஷ்ஷால, தோள்லருந்து கீழ்நோக்கி நீட்டமா வருடிவிடுங்க, குறுக்க தேய்க்காதீங்க. 

நம்ம ஊரு கல்யாணத்துல கோட்டுக்கு வாற பெரிய கேடு மாலை, அத இங்க யாரும் சொல்லல்ல. தண்ணி தெளிச்சு ஈரமாக் கொண்டுவாற தோவாளை மாலைய அப்படியே கழுத்துல போட்டு ரெண்டு மணிநேரம் நிக்காங்க. ரோஜாச் சாயமும் கேந்திப்பூ மஞ்சளும் லாபல்ல எறங்கும், பிச்சிப்பூ நசுங்குனா மொதல்ல தெரியாது, நாலுநாள் கழிச்சு தவிட்டுநெறத்துல தெளியும். மாலை கெட்டக் குடுக்கும்போவே தண்ணிய உதறிட்டுத் தரச் சொல்லுங்க, பின்பக்கம் ஒரு வெள்ளத்துணி வச்சுக் கெட்டச் சொன்னாலும் செய்வாங்க. பூத்தூள் கோட்டுல பட்டா கைவச்சுத் தொடைக்கப்பிடாது, தொடச்சா உள்ள ஏறிரும், ஒரு ஒட்டுற டேப்ப மேல வச்சு வச்சு எடுத்தா வந்திரும். கூட்டுக்காரங்க அடிக்கிற நுரை ஸ்பிரேயும் அப்படித்தான், காஞ்ச பெறவு பிரஷ் பண்ணணும். பன்னீர், சந்தனம் பட்டா காய விட்டு உதிருங்க.

மினுமினுப்புக் கேட்டியள்லா. அது கறை இல்ல, சூடான இரும்பு நேரா பட்டு இழை தட்டையாப் போய் வெளிச்சத்தக் காட்டுது. நல்ல காட்டன் துணிய நனச்சு முறுக்கிப் பிழிஞ்சு பேன்ட்டு மேல விரிச்சு, பெட்டிய இழுக்காம வச்சு வச்சு எடுங்க, ஆவி அடங்குறதுக்குள்ள பிரஷ்ஷால இழைய எதிர்ப்பக்கமா தூக்கிவிடுங்க. கம்பளின்னா பெரும்பாலும் மங்கிரும். பாலியஸ்டர் உருகி மின்னுனதுன்னா போகாது, அத இப்பமே சொல்லிருதேன். தேச்ச ஒடனே காலப் போட்டு இருக்காதீங்க, ஆறுற வரைக்கும் தொங்கட்டும், சூட்டோட இருக்க துணி எந்த மடிப்பு விழுந்தாலும் அதையே பிடிச்சுக்கிடும்.


மார்த்தாண்டத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மா பக்கத்துல இருந்து முழுசும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாவ. முத்தத்துல வச்சு தட்டுனோம், வெள்ளைப்பொடி பறந்தது, அடியில துணி நெறம் மாறல்ல, லைனிங்ல மட்டும் கக்கத்துல ரெண்டு சின்னப் பொட்டு நிக்குது. நூல் கொளுத்திப் பாத்தேன், முடி வாடை வந்துச்சு, நுனியில கறுப்பா கெட்டி மணியும் இருந்துச்சு, அப்பம் டெரிவுல்தானே. காஜாகிட்ட நுள்ளிப் பாத்ததுல நடுவுல எதுவும் நழுவல்ல.

தச்ச கடைக்குக் கொண்டுபோனேன். மொதல்ல டிரைவாஷ்காரங்க மேலதான் தப்புன்னாரு, நான் சண்டைக்கு வரல்ல, எப்படிச் சரி பண்ணலாம்னு கேக்கத்தான் வந்தேன்னு சொன்னதும் அவரே வாங்கி வெளிச்சத்துல சரிச்சுப் பிடிச்சுப் பாத்தாரு. வலது முன்பக்கத்து ஃபியூசிங்க மாத்தித் தாறேன், ரெண்டு வாரம் ஆகும், துணிக்கூலி மட்டும் போதும்னுட்டாரு. அதுக்கு முன்ன பூத்தத எடுக்க டிரைவாஷ் குடுத்திருக்கேன், எடத்தக் காட்டிச் சொன்னேன், சாக்பீஸால வட்டம் போட்டு வச்சுக்கிட்டாங்க. பேன்ட்டு மினுமினுப்பு முக்கால்வாசி மங்கிட்டு. அம்மா ஒரு பழைய வேட்டிய எடுத்து பை தைக்க உக்காந்தாச்சு.

கடைசியா ரெண்டு சந்தேகம். கோட்டு பின்பக்க வெட்டுல எக்ஸ் மாதிரி குறுக்கா ஒரு வெள்ளைநூல் இருக்கு, கல்யாணத்துக்கும் அதோடதான் போட்டேன், அது பிரிக்கணுமா? வெளிப் பாக்கெட் ரெண்டும் தச்சு மூடியிருக்கு, அதையும் தொறக்கணுமா? அப்புறம் கல்யாணத்துக்குப் பெறவு இடுப்பு ஒரு இஞ்சு கூடிட்டு, பேன்ட்டு இறுகுது.


வடசேரி டெய்லர்:

பின்பக்கத்து குறுக்குநூல பிரிச்சிருங்க, வெட்டு கோணாம இருக்க நாங்க தற்காலிகமாப் போடுறது, விட்டா உக்காரும்போ இழுத்துக் கிழியும். துணிய இழுக்காம நுனிக்கத்திரியில நூல மட்டும் வெட்டுங்க. வெளிப் பாக்கெட்ட தொறக்காம விடுறதுதான் நல்லது, தொறந்தா கைய விடுவோம், போனப் போடுவோம், ஒரு வருசத்துல வாய் பிளந்து தொங்கிரும். நெஞ்சுப் பாக்கெட் மட்டும் கைக்குட்டை வைக்கத் தொறங்க.

இடுப்புக்கு பேன்ட்டு பின்பக்க நடுத்தையலுக்கு உள்ள ஒண்ணரை இஞ்சாவது துணி விட்டிருப்பாங்க, உள்ள திருப்பிப் பாத்தாலே தெரியும். ஒரு இஞ்சு தாராளமா விடலாம். கோட்டு வாங்கப் போகும்போ பேன்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, போட்டுப் பாக்கும்போ கல்யாணத்துக்குப் போடப்போற ஷூவையும் போட்டுக்கிடுங்க, இல்லன்னா கால் நீளம் தப்பிரும்.